உதடு அசையாத பதிவுகள்

பிள்ளையின் உதடு அசைந்தால் மூளை அலைப் பதிவில் விழும் கிறுக்கலை இப்போது கணினியே கண்டுபிடித்துத் துடைத்துவிடுகிறது. போன மாதம் பிரியா தன் மடிக்கணினியில் அதைக் காட்டினாள். எனக்கு உதவியாளராக வேலையில் சேர்ந்த பெண். இன்று அவளுக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினாள். காதோரத்து மின்முனைகள் வரையும் கோடுகளில் முள்வேலி மாதிரி அடர்ந்து கிடந்த கறுப்பு மறைந்து, அடியில் இருந்த அலை மெல்லிய நூலாகத் தெரிந்தது.

"எப்டி சார்? அப்பவே இது இருந்திருந்தா உங்களுக்கு எவ்ளோ வேலை மிச்சம்" என்றாள்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் படிப்பதற்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டாள். நாகவேணி விஷயத்தையும் எழுதட்டுமா என்றேன். மடிக்கணினியை மூடினாள்.

"அத மட்டும் எழுதினாலே போதும் சார்."

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் மூளை அலைப் பதிவுக்குப் பயிற்சி எடுத்து, அங்கேயே முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். வீடு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில். தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் பஸ் பயணம். நான் சேர்ந்த காலத்தில் தலையில் ஒட்டிய கம்பிகள் வழியாக வரும் மின்னோட்டத்தை மைப்பேனாக்கள் ஓடும் தாளில் வரைந்துகொண்டே போகும். வந்தவர்களில் பெரும்பாலோர் வலிப்பு நோயாளிகள். நோயாளி பல்லைக் கடித்தால் அதுவும் தாளில் கூர்முனையாக விழும். அதை வலிப்பின் கூர்முனை என்று மருத்துவர் நினைத்துவிட்டால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க வேண்டாத மாத்திரையை விழுங்க வேண்டும். அதனால் கட்டிலில் படுத்தவுடன் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன்: "தாடையைத் தளர விடுங்க, நாக்குகூட அசையக் கூடாது." என் பதிவுகள் கண்ணாடி மாதிரி இருக்கும். 'சைலன்ஸ் செல்லையா' என்று பிரிவில் எனக்குப் பட்டப்பெயர். அதில் எனக்குப் பெருமைதான்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் டாக்டர் ரேணுகா கூப்பிட்டு அனுப்பினார். அவர் மருந்து எழுதும் டாக்டர் இல்லை. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்கிறவர். பாடத்தை விளையாட்டாக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் உண்மையிலேயே கற்கிறார்களா, அல்லது பொழுதுதான் போகிறதா என்பதை விளையாடும்போதே மூளை அலையைப் பதிவுசெய்து பார்ப்பது அவர் திட்டம். ஓசூரில் ஒரு மாடியில் இரண்டு அறை அலுவலகம். என்னைவிட இருபது வயது இளையவர். என்னை "செல்லையா சார்" என்பார்.

நான் போய்ச் சேர்ந்ததற்கு முதல் காரணம் ஆர்வம். முப்பத்தொரு வருடம் நோயின் அலைகளைத்தான் பார்த்திருக்கிறேன். நல்ல தலைக்குள் ஒரு கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்ததே இல்லை. முதல் வாரம் டாக்டர் ஒரு பையனின் பதிவைக் காட்டினார். அவன் கணக்கோடு மல்லுக்கட்டும்போது நெற்றிக்கு மேலே நடுக்கோட்டில் மெதுவான ஓர் அலை பெருத்துக்கொண்டே வந்தது. விடை கிடைத்தவுடன் அடங்கியது. அதற்கு எதிரானது ஒன்று உண்டு. கண்ணை மூடி ஓய்ந்திருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் நொடிக்குப் பத்துத் தடவை போல ஒரு சீரான அலை ஓடும். கண் திறந்திருந்தும் அது வந்தால் பெரும்பாலும் மனசு வேலையை விட்டுவிட்டது என்று அர்த்தம். "பெரும்பாலும்" என்ற சொல்லை டாக்டர் அழுத்திச் சொன்னார். அன்று இரவு உணவின்போது என் மனைவியிடம் இதையே பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்கு ஒரு பழக்கம். எதற்கும் "ஏன்?" என்று கேட்க மாட்டார். "எப்போ?" என்பார். ஒரு மின்முனை கழன்றுவிட்டது என்றால், "எப்போ கழண்டுச்சு?" பிள்ளை அழுதாள் என்றால், "எந்த நிமிஷம்?" ஏன் என்று கேட்டால் ஆட்கள் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள், எப்போது என்று கேட்டால் நடந்ததைச் சொல்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். அதன் வலப்பக்கம் முழுக்க 'குறிப்பு' என்று காலி இடம். கொட்டாவி, தும்மல், வெளியே லாரி ஹாரன், எல்லாவற்றையும் மணி நிமிடத்தோடு அங்கே எழுத வேண்டும். பதிவைத் திறப்பதற்கு முன் அந்தத் தாளைத்தான் அவர் படிப்பார்.

பேரிகைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பு. விளையாட்டுக்குப் பெயர் 'வாய்க்கால்'. பலகைக் கணினியில் ஒரு தொட்டி, மூன்று வயல். தொட்டியில் பாதியை ஒன்றுக்கு, மூன்றில் ஒன்றை இன்னொன்றுக்கு என்று மடை திறக்க வேண்டும். சரியாகப் பங்கிட்டால் வயல் பச்சையாகும். பங்கீடு தப்பினால் பயிர் மூழ்கிவிடும். கெலவரப்பள்ளி அணைத் தண்ணீருக்காகப் பெரியவர்கள் சண்டை போடுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பின்னங்களைவிட எண்ணெய்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. எண்ணெய் தேய்த்த தலையில் மின்முனை பிடிக்காது. முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தோம். மறுநாள் ஒரு தாய் சீட்டோடு வந்து நின்றாள். "எண்ணெ வெக்காம பொண்ண அனுப்பினா, யாரு வூட்ல எழவுன்னு கேப்பாங்க சார். நீங்க பதில் சொல்லுவீங்களா?" பிரியாதான் சமாளித்தாள். "பதிவு முடிஞ்சதும் நானே எண்ணெ வெச்சு, சடை பின்னி அனுப்பறேன்க்கா." அப்படியே செய்தாள். எங்கள் பெட்டியில் மின்முனைப் பசைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலும் சேர்ந்தது.

நூலக அறையில் வேலை. மின்விசிறியை நிறுத்த வேண்டும். அதன் மின்சார இரைச்சல் அலையில் ஏறிவிடும். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரை நாடாவால் அளந்து, நடுவில் பென்சிலால் புள்ளி வைப்பேன். தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் முனை மழுங்கிய சிரிஞ்சால் பசையை விட்டு மெல்லக் கிளறுவேன். திரையில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும். எல்லாம் பச்சையானதும் ஓர் அட்டையை எடுத்துப் படிக்க வேண்டும். அதில் மூன்றே வாக்கியங்கள்: வசதியாக உட்கார். உனக்குப் பிடித்தபடி விளையாடு. நிறுத்த வேண்டும் என்றால் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் நான் பதிவெடுப்பேன், மறுநாள் பிரியா.

நாகவேணி என்னுடைய நாளில் வந்தாள். பேரிகையில் ரோஜா போடும் முனிராஜின் மகள். வீட்டில் தெலுங்கு. ஒல்லியான பெண், அடர்ந்த முடி; பசை உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. அட்டையைப் படித்தேன். விளையாடத் தொடங்கினாள். மூன்று நிமிடம் போயிருக்கும், காதோரக் கோடுகள் கறுத்துப் போயின. எட்டிப் பார்த்தேன். உதடுகள் வேகவேகமாக அசைந்துகொண்டிருந்தன, சத்தம் வரவில்லை. விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

"வாயை அசைக்காதம்மா. தாடையைத் தளர விடு. நாக்குகூட அசையக் கூடாது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். உதடுகள் நின்றன. கோடுகள் தெளிந்தன. அதன் பிறகு இருபது நிமிடம் நான் வாழ்நாளில் எடுத்ததிலேயே அழகான பதிவுகளில் ஒன்று ஓடியது. பின்மண்டையில் சீரான அலை, கண் திறந்திருக்க, கோலத்து நெளிவு மாதிரி வந்துகொண்டே இருந்தது. குறிப்புப் பகுதியில் ஒன்றும் எழுதவில்லை. அட்டையில் இல்லாததைச் சொன்னேன் என்று எழுதினால் அந்தப் பதிவைத் தள்ளிவிடுவார்கள். இவ்வளவு சுத்தமான பதிவைத் தள்ளுவதா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அவளுக்கு முன்பு வந்த பிள்ளைகளிடமும் அதையே சொல்லியிருந்தேன். அதையும் எழுதவில்லை.

அன்று மாலை வகுப்பாசிரியை டீ வாங்கிக் கொடுத்தார். "மிஷின்ல யாரு கெட்டி சார், யாரு மந்தம்?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். தனிப் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அவர் கேட்ட விதத்தில் ஒரு மரியாதை இருந்தது, அதில் மயங்கினேன். "எல்லாரும் பரவாயில்ல டீச்சர். நாகவேணிதான் கவனமே இல்லாம உக்காந்திருந்தா" என்றேன்.

"அப்போ நா நெனச்சது சரிதான்" என்றார் அவர்.

சில வாரம் கழித்து அலுவலகத்தில் டாக்டர் பதிவுகளை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். என் நாட்கள் ஒரு குவியல், பிரியாவின் நாட்கள் ஒரு குவியல்.

"விசித்திரமா இருக்கு சார். பிரியாவோட பதிவு எல்லாம் ஒரே குப்பை."

"மேடம்" என்றாள் பிரியா.

"கோவப்படாத. குப்பைதான். ஆனா அந்தப் பிள்ளைங்க விளையாட்டுக்கு அப்புறம் பின்னக் கணக்கு நல்லா போடுறாங்க. செல்லையா சாரோட பதிவு முத்து மாதிரி இருக்கு. பிள்ளைங்க மட்டும் முன்ன இருந்த இடத்துலயே இருக்காங்க. ஒரே பள்ளிக்கூடம், ஒரே விளையாட்டு. எங்க வித்தியாசம் வருது?"

அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. புதிர் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. எனக்கு அப்போது நிஜமாகவே விடை தெரியாது. "பிள்ளைங்க ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி மேடம்" என்றேன்.

விடை அடுத்த முறை பள்ளிக்குப் போனபோது கிடைத்தது. வராந்தாவில் நாகவேணி பலகைக் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். தலையில் தொப்பி இல்லை. பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். உதடு அசைய, விரல் தட்ட, வயல் வயலாகப் பச்சையாக்கிக்கொண்டே போனாள். நாங்கள் பதிவெடுத்த நாளில் அவள் எட்டாத நிலைகளை எல்லாம் தாண்டியிருந்தாள். நான் பின்னால் குனிந்து கேட்டேன். "நாலுகு, ஐது, ஆரு..." தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தாள். பள்ளிவிட்டு வந்ததும் வீட்டில் ரோஜாவை இருபது இருபதாகக் கட்டுவது அவள் வேலை. பாதி கட்டு, கால் கட்டு எல்லாம் அவள் உதட்டில் தெலுங்கில் இருந்தது. தமிழில் எழுதியிருந்த பின்னத்தை அங்கே கொண்டுபோய்ப் பிரித்து, திரும்பக் கொண்டுவந்து மடை திறந்தாள்.

"அன்னிக்கு ஏம்மா இப்டி விளையாடல?" என்று கேட்டேன்.

"நீங்கதான சார் வாய ஆட்டக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள். குற்றம் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

சாயங்காலம் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது முனிராஜ் வந்தார். சட்டையில் பூ மருந்து வாசம். உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர ஐந்தாவது பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு விண்ணப்பம் போடும் சமயம் அது.

"சார், பாப்பாக்கு ஃபாரம் போடலாம்னு இருந்தனுங்க. டீச்சரம்மா வேணாங்கறாங்க. மிஷினே சொல்லிடுச்சாம், புள்ளைக்குக் கவனம் நிக்கிலன்னு. பின்னாடி பெஞ்சில வேற போட்டுட்டாங்க. நீங்க மிஷினுக்காரு. ஃபாரம் போடட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க, அப்பிடியே செய்யிறேன்."

காலையில் வராந்தாவில் பார்த்ததை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. ஆனால் சொன்னால் அது ஆசிரியைக்குப் போகும், ஆசிரியை வழியாக டாக்டருக்குப் போகும், என் பதிவுகள் மொத்தமும் தள்ளுபடியாகும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு டாக்டர் என் பதிவுகளைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் என் மனசில் ஓடியது.

"பாத்துச் செய்யுங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். படித்தவன் தயங்கினால் அவர்களுக்கு அதுவே பதில். எனக்கு அது தெரியும்.

அடுத்த முறை நாங்கள் போனபோது, விண்ணப்பங்கள் போன வாரமே போய்விட்டதாக ஆசிரியை சொன்னார். ஏழு பிள்ளைகள். நாகவேணி பெயரைக் கேட்டேன். "அவ அப்பா போடலயே சார். நீங்க பாத்துச் செய்யச் சொன்னீங்களாமே" என்றார்.

அன்று ஓசூர் திரும்பியவுடன் வீட்டுக்குப் போகாமல் அலுவலக மாடி ஏறினேன். டாக்டர் தனியாக இருந்தார். அட்டையில் இல்லாததைப் பிள்ளைகளிடம் சொன்னேன் என்றேன். டீச்சரிடம் வாயை விட்டதையும், முனிராஜ் கேட்டதையும், தெரிந்தும் பேசாமல் இருந்ததையும் வரிசையாகச் சொன்னேன்.  முடித்ததும் டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாகவேணிகிட்ட எப்போ சொன்னீங்க?"

"மூணு நிமிஷம் தாண்டி."

பதிவைத் திறந்தார். மூன்று நிமிடம் இருபது நொடி வரை காதோரத்தில் முள்வேலி. அதோடு கூடவே, நெற்றிக்கு மேலே அந்த மெதுவான அலை எழுந்து எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. நான் அன்று அதைப் பார்க்கவே இல்லை. காதோரத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். பிறகு ஒரு பெரிய கண்ணசைவு. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அங்கே முள்வேலி அறுந்தது. அலை இன்னும் இரண்டு தடவை எழப் பார்த்துவிட்டு அடங்கிப்போனது. அதற்கு அப்புறம் பின்மண்டையில் அந்த அழகான நெளிவு.

டாக்டர் அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். கோபமாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. என்னாலும்தான். ஒரு பிள்ளை கணக்கைக் கைவிடுகிற நொடியை அவ்வளவு தெளிவாக நாங்கள் இருவருமே அதற்கு முன் கண்டதில்லை.

"குறிப்புல எழுதுங்க சார். இன்னிக்குத் தேதி போட்டு" என்று பேனாவை நீட்டினார். "என்னோட எல்லா பிள்ளைங்களோட தாளிலயும் எழுதணும் மேடம்" என்றேன். "எழுதுங்க" என்றார். எழுதி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் என் வாயாலேயே சொன்னேன். நாகவேணியை முன்பெஞ்சுக்கு மாற்றினார்கள். விண்ணப்பத்துக்காக டாக்டர் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். தேதி முடிந்தது முடிந்ததுதான். அந்தத் தேர்வுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. முனிராஜைத் தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். கட்டிய ரோஜாவைத் தண்ணீர் வாளியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாளியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "நா கேட்டனே சார். வாய் தொறந்து கேட்டனே."  பிறகு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

என்னிடம் வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மறுபடி பதிவெடுப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். பிரியாதான் எடுக்க வேண்டும். நான் தொப்பி மாட்டிக் கொடுக்கலாம். நாகவேணிக்கு நானே அளந்து, புள்ளி வைத்து, பசை விட்டேன். பிரியா அட்டையைப் படித்தாள். நான் பெட்டியருகே நின்றேன். நாகவேணி விளையாடினாள், ஆனால் உதட்டை இறுக்கிக்கொண்டு. கோடுகள் அத்தனையும் சுத்தம். இரண்டு வயல் மூழ்கியது. அட்டைக்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. சொன்னால் மறுபடியும் அதே தப்பு. பிரியா என்னைப் பார்த்தாள். நாகவேணியும் ஓரக்கண்ணால் என் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். எனக்குப் புரிந்தது. செருப்பை மாட்டாமல் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வேப்பமரத்தடியில் போய் நின்றேன்.

அரை மணி கழித்து பிரியா கூப்பிட்டாள். நாகவேணி தலையில் எண்ணெய் வழிய, சடை பின்னிக்கொண்டு, என்னைக் கடந்து வகுப்புக்கு ஓடினாள். பிரியா பதிவை ஓட்டிக் காட்டினாள். ஆறு நிமிடம் வரை தெளிந்த கோடு. பிறகு கதவு சாத்திய அதிர்வில் சின்னதாக ஒரு துள்ளல். அதிலிருந்து சில நொடியில், காதோரத்தில் கறுப்பு லேசாகத் தொடங்கி அடர்ந்து, கடைசிவரை முள்வேலிதான்.

பிரியா தாளில் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினாள். "குறிப்புல என்ன சார் எழுதட்டும்?"

"நடந்தத எழுதும்மா."

'பத்து நாற்பத்திரண்டு. செல்லையா சார் அறையை விட்டு வெளியே போனார்' என்று எழுதினாள். வாங்கிப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.